பள்ளியையும் வீட்டையும் சுமந்த அன்னை

ஐந்தாம் வகுப்பு என்னும் வகுப்பறையில் நாங்கள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்புச் சிறுமியர். 2021 நவம்பர் முதல் நாள் மீண்டும் கதவு திறந்தபோது நேரே ஆறாம் வகுப்பில் போய் அமர்ந்தோம். இடையில் கழிந்த ஏறக்குறைய இருபது மாதங்களும் எங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பது உள்ளங்கை அகலக் கைப்பேசித் திரைதான்.

அந்தத் திரையில் நாங்கள் கண்டது பாடம் மட்டுமன்று. எங்கள் ஆசிரியையின் பின்னால் ஒரு சுவர் தெரியும். சுவரில் தினசரி நாள்காட்டி தொங்கும். எங்கோ குக்கர் விசில் அடிக்கும். அவர் பின்னக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னஞ்சிறு கை வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும். அவர் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் கணக்கை எழுதிக் காட்டுவார். நாங்கள் அப்போது சிரித்தோம். எங்கள் எம்.கே.பி. நகரில் தெருவுக்குத் தெரு தகரம் வைத்து அடைத்திருந்த நாள்கள் அவை. தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் நோய் மிகுந்து, ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் வண்டிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அச்சத்தின் நடுவே எங்கள் ஆசிரியை ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை என்பது இப்போதுதான் எங்கள் புத்திக்கு எட்டுகிறது.

எங்களுள் ஒருத்தியின் சித்தி கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். அவ்வாண்டு அவர் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது ஒரே மடிக்கணினி. காலையில் சித்தப்பாவின் அலுவலகம், பிறகு சித்தியின் வகுப்புகள், மாலையில் பிள்ளைகளின் பாடம். இவற்றுக்கிடையில் மூன்று வேளைச் சமையல், காய்ச்சலாய்க் கிடந்த மாமியாருக்குக் கஞ்சி. ஆய்வேட்டுக்கென்று மிஞ்சியது இரவு பதினொரு மணிக்கு மேற்பட்ட நேரந்தான். அது ஓராண்டு பின்தங்கிப் போயிற்று. சித்தி அதைப் பற்றிக் குறை கூறியதில்லை. நாங்கள்தான் இப்போது கூறுகிறோம்.

இந்த ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு எங்கள் வகுப்பைப் பணித்தபோது, வீடும் பள்ளியும் கொள்ளைநோயும் ஒருசேரத் தோளில் ஏறிய ஒரு பெண்மணி முன்னாளில் இருந்தாரா என்று நூலகத்தில் தேடினோம். இருந்தார். அவர்தாம் சாவித்திரிபாய் பூலே அம்மையார்.

அம்மையார் 1831-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் மராட்டிய நாட்டில் சதாரா மாவட்டத்து நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே பாட்டீல், தாயார் லட்சுமிபாய். தோட்டப் பயிர் செய்யும் மாலி குலத்தினர். அக்கால வழக்கப்படி 1840-இல், ஒன்பது வயதிலேயே, பூனா நகரைச் சேர்ந்த பதின்மூன்று வயது ஜோதிராவ் பூலேக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். இதைப் படித்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் எங்கள் நகருக்குப் பெயர் தந்த மகாகவி பாரதியாருக்கே 1897-இல், பதினான்கு வயதில், ஏழு வயதுச் செல்லம்மாளோடு திருமணம் நடந்தது என்பதை அறிந்தபோது, அந்தக் காலம் அப்படி என்று ஒருவாறு அமைதியடைந்தோம். அதே 1897-ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் முடிவிலும் வருகிறது.

புகுந்த வீட்டுக்கு வந்தபோது சாவித்திரிக்கு எழுத்து வாசனையே கிடையாது. பாதிரிமார் யாரோ கொடுத்த புத்தகம் ஒன்றை, படிக்கத் தெரியாமலேயே, பத்திரமாகக் கொண்டு வந்திருந்தாள் அந்தச் சிறுமி என்று சொல்வதுண்டு. ஜோதிராவ் பூனாவில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் பயின்றவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். சகுணாபாய் என்ற உறவினரே அவரை வளர்த்தார். அந்தச் சகுணாபாய் ஒரு மிஷனரியார் வீட்டில் குழந்தைக்குச் செவிலியாக இருந்தவர். கல்வியின் அருமையை உணர்ந்தவர். ஜோதிராவ் இவ்விருவருக்கும் எழுத்தறிவித்தார். வயலில் நண்பகல் உணவு கொண்டு வரும் மனைவிக்கு அங்கேயே பாடம் நடந்தது என்பர். பின்னர் அகமத்நகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சிந்தியா ஃபாரர் அம்மையார் நடத்திய நிலையத்திலும், பூனாவிலும் சாவித்திரிபாய் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1848-ஆம் ஆண்டு பூனாவின் புத்வார் பேட்டையில், பிடே என்னும் நண்பர் தந்த மாளிகையில், கணவனும் மனைவியும் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினர். இந்தியர் தாமே பெண்களுக்காக நடத்திய முதற் பள்ளிகளுள் அது ஒன்று. வந்து சேர்ந்த சிறுமியர் பத்துப் பேருக்கும் குறைவு. ஆசிரியைக்கு வயது பதினேழு. எங்களைவிட இரண்டே வயது மூத்தவர்!

பள்ளிக்குப் போகும் வழியில் அவர்மீது சாணத்தையும் சேற்றையும் எறிந்தார்கள் என்பதும், அவர் மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று பள்ளியில் உடுத்திக்கொண்டார் என்பதும் எல்லா நூல்களிலும் உள்ளன. உண்மையில் அந்தக் கதையோடு பல நூல்கள் அவரை முடித்தே விடுகின்றன. எங்களுக்கு அந்தப் புடவையைவிட அதற்குப் பின் நடந்தவையே பெரிதாகப் பட்டன.

மகனும் மருமகளும் ஊர் வழக்கத்தை மீறியதைக் கண்டு அஞ்சிய மாமனார் கோவிந்தராவ், பள்ளியா வீடா என்று கேட்டு 1849-இல் அவர்களை வெளியேற்றினார். ஊரார் நெருக்கியதே காரணம். அவரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. உஸ்மான் ஷேக் என்ற நண்பர் வீட்டில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பள்ளி நின்றுவிடவில்லை. 1852-க்குள் பள்ளிகள் மூன்றாயின. சிறுமியர் தொகை ஏறத்தாழ 150 ஆயிற்று. அவ்வாண்டு அரசாங்கம் பூனாவில் விழா எடுத்து இருவரையும் சிறப்பித்தது. 1854-இல் அம்மையாரின் கவிதைத் தொகுதி அச்சாயிற்று. ஒன்பது வயதில் அகரமும் அறியாதிருந்தவர் இருபத்து மூன்றாம் வயதில் நூலாசிரியர் ஆனார்.

அவர் மாணவியருள் ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. முக்தா சால்வே என்பது அவள் பெயர். மாங் என்னும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவள். பூலே தம்பதியர் பள்ளியில் மூன்றாண்டு பயின்ற அவள், 1855-இல், பதினான்கு வயதில், தன் மக்கள் படும் துயரம் குறித்து ஒரு கட்டுரை எழுதினாள். மிஷனரிமார் நடத்திய ஞானோதயம் என்ற இதழ் அதை வெளியிட்டது. ஒரு பள்ளிச் சிறுமியின் கட்டுரை அச்சாகி, நூற்றெழுபது ஆண்டு கழித்தும் அறிஞர்களால் படிக்கப்படுகிறது. எங்கள் மலரில் எழுதும் எங்களுக்கு இது எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று சொல்லி முடியாது.

அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்களில் மூன்று கிடைத்துள்ளன. 1856 அக்டோபரில் எழுதியது முதலாவது. கடுமையாக நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்தார். உடல் தேறும்வரை அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. மனமோ பூனாவிலுள்ள பள்ளிகளில் இருந்தது. தாம் இல்லாத நாள்களில் உடன் ஆசிரியையான ஃபாத்திமாவின் தலையில் எல்லாச் சுமையும் விழுந்திருக்குமே, ஆயினும் அவள் முணுமுணுக்க மாட்டாளே என்று கணவருக்கு எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்குக் கல்வி தந்து குலத்துக்கே இழுக்குத் தேடினாய் என்று உடன்பிறந்த சகோதரன் கடிந்துகொள்கிறான். நோய்ப் படுக்கையிலிருந்தே அவனுக்கு அம்மையார் விடை கூறுகிறார். ஆட்டையும் மாட்டையும் தொட்டுத் தடவுகிறவன் மனிதனைத் தொட மறுப்பது என்ன நியாயம் என்ற பொருளில் வாதிட்டு, அவனைத் தலைகுனிய வைக்கிறார்.

இக்கடிதத்தை நாங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பப் பேசினோம். ஆசிரியை ஒருவர் நோயுற்றால் பள்ளி எப்படி நடக்கும்? இன்னோர் ஆசிரியை இரண்டு மடங்கு உழைப்பதால் நடக்கும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சாவித்திரிபாய் எழுதினார். ஃபாத்திமாவைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகச் சிறிது; அதில் உறுதியான ஒரு வரி, இந்தக் கடிதத்தில் ஒரு தோழி அவளுடைய சுமையை நினைத்த வரிதான்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நன்கொடைகள் வற்றின. பள்ளி வேலை தளர்ந்தது. ஆனால் வீடு சும்மா இருக்கவில்லை. அக்காலத்தில் பிராமணக் குலத்துக் குழந்தைக் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள இயலாது. உறவினராலேயே கெடுக்கப்பட்டுக் கருவுற்றவர்கள், பழிக்கு அஞ்சித் தற்கொலை செய்துகொண்டனர். அல்லது பிறந்த சிசுவை மாய்த்தனர். இதைக் கண்டு பொறாத பூலே தம்பதியர் 1863-இல் தம் வீட்டிலேயே அத்தகைய தாய்மாருக்கு ஒரு புகலிடம் திறந்தனர். மகப்பேறு பார்த்ததும், பச்சிளம் குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்ததும் அம்மையாரே. 1884-க்குள் 35 கைம்பெண்கள் அங்கே பிள்ளை பெற்றனர். வெளியூர் மாணவர்களும் அதே வீட்டில் தங்கிப் படித்தனர். 1868-இல் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்டனர். ஒரு வீடு எத்தனை வேலை செய்தது பாருங்கள்! அத்தனை பேருக்கும் அடுப்பு எரித்தவர் யார் என்று எங்கள் தோழி ஒருத்தி கேட்டாள். நாங்கள் படித்த நூல்களில் அதற்கு விடை இல்லை.

இவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஜோதிராவ் இன்னொரு திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று உறவினர் நெருக்கியபோது அவர் உடன்படவில்லை. புகலிடத்தில் ஒரு பிராமணக் கைம்பெண் பெற்ற ஆண்குழந்தையை 1874-இல் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தனர். அவனை மருத்துவப் படிப்பும் படிக்க வைத்தனர்.

1876-77-இல் பெரும் பஞ்சம் வந்தது. நம் தாத்தா பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்போமே, அதுதான். நம் சென்னைக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டினார்கள். மராட்டிய நாட்டிலும் அதே கொடுமை. அம்மையார் ஜுன்னர் வட்டத்து ஓத்தூரில் நிவாரணப் பணியில் நின்றுகொண்டு, 1877 ஏப்பிரலில் கணவருக்கு எழுதிய கடிதம் மூன்றாவது. மனிதர் ஊர்விட்டு ஊர் போவதையும், கால்நடை மடிவதையும், அடாவட்டிக்காரர் கொடுமையையும் அதில் விவரிக்கிறார். கணவர் ஓரிடத்திலும் மனைவி ஓரிடத்திலுமாக நின்று பசித்தோருக்கு உணவளித்த காலம் அது. வீட்டில் காத்திருந்து கடிதம் எழுதுகிறவள் பெண், வெளியே சென்று உழைப்பவன் ஆண் என்றே கதைகளில் படித்திருந்தோம். இங்கே தலைகீழ்.

1888-இல் ஜோதிராவ் பக்கவாதத்தால் தாக்குண்டார். வலக்கை வீழ்ந்தது. இடக்கையால் தம் கடைசி நூலை எழுதி முடித்தார். அவரைப் பேணும் பொறுப்பும் அம்மையாருடையதே. இதே நேரத்தில்தான் எங்கள் மனத்தில் நீங்காமல் தங்கிவிட்ட ஒரு செயலும் நடந்தது. மகன் யஷ்வந்துக்குச் சசானே குடும்பத்துப் பெண் ராதாவை நிச்சயம் செய்திருந்தனர். 1889 பிப்ரவரியில் திருமணம். அதற்கு முன்பே ராதாவைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து தங்கவைத்தார் அம்மையார். அவள் படிக்க வேண்டுமென்று வீட்டு வேலைகளைத் தாமே ஏற்றுச் செய்தார். மாமியார் பெருக்கவும் சமைக்கவும், வருங்கால மருமகள் புத்தகத்தோடு அமரவும், அப்படியொரு வீடு 1880-களில் இருந்தது.

இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அரசுப் பொதுத்தேர்வு வருகிறதென்று எங்களுள் பலருக்கு வீட்டில் வேலை ஏவுவதில்லை. நல்லதுதான். ஆனால் அந்த வேலை எங்கே போயிற்று? ஒருத்தியின் வீட்டில் அது அக்காள் கைக்குப் போயிற்று. அக்காள் தபால் வழிப் பட்டப்படிப்பு படிக்கிறாள். அவளுக்கும் தேர்வு உண்டு. இன்னொருத்தியின் வீட்டில், எண்ணூரில் பாத்திரம் தேய்த்துவிட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்பும் அம்மாவின் கைக்கே திரும்பப் போயிற்று. தம்பிமார் கைக்குப் போன வீடு ஒன்றே ஒன்று. அந்தத் தம்பி தோசை வார்ப்பதை எங்கள் தெருவே வந்து பார்த்தது!

1890 நவம்பர் 28-இல் ஜோதிராவ் காலமானார். தத்துப் பிள்ளைக்குக் கொள்ளிவைக்க உரிமை ஏது என்று உறவினர் வழக்காடினர். அம்மையார் பேசாமல் தீச்சட்டியைத் தாமே ஏந்திப் பாடைக்கு முன்னே நடந்து, சிதைக்குத் தீ மூட்டினார். நம் வட சென்னையில் இன்றும் பெண்கள் இடுகாட்டு வாசலோடு திரும்பிவிடுகிற குடும்பங்கள் உண்டு. அறுபதை எட்டிக்கொண்டிருந்த ஒரு கைம்பெண் 1890-இல் அதைச் செய்தார். அதன்பின் கணவர் நிறுவிய சத்தியசோதக சமாஜத்தை வழிநடத்தினார். 1892-இல் கணவர் வரலாற்றைச் செய்யுளாக எழுதி வெளியிட்டார். 1893-இல் சாஸ்வட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1895-இல், தாம் அருமையாகப் படிக்கவைத்த மருமகள் ராதா இறந்துபோனாள்.

இனிக் கொள்ளைநோய்க்கு வருவோம். சீனத்தின் யூனான் மலைப்பகுதியிலிருந்து புறப்பட்ட பிளேக், 1894-இல் ஹாங்காங் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து கப்பல் ஏறி 1896-இல் பம்பாய்க்கு வந்தது. துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் நெருக்கமான பகுதியில் செப்டம்பர் மாதம் அதை முதலில் கண்டறிந்து சொன்னவர் அகாசியோ வியகாஸ் என்ற கோவா நாட்டுக் கத்தோலிக்க மருத்துவர். துறைமுகத்துக்கு அருகே வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். எந்த ஊரில் எந்த நோய் என்றாலும் கப்பல் முதலில் கொண்டு வந்து இறக்குவது தொழிலாளர் குடியிருக்கும் தெருவில்தான்.

அது பயங்கரமான நோய். கடும் காய்ச்சல் எழும்; அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் கிளம்பும்; சில நாள்களில் உயிர் போய்விடும். மருந்து கிடையாது. ஹாஃப்கின் என்னும் அறிஞர் பம்பாயில் ஒரு தடுப்பூசியைச் செய்து, 1897 சனவரியில் முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். ஆனால் அது ஊரெங்கும் சேர நாளாகும். எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி கடித்து நோய் பரவுகிறது என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டது 1898-இல்தான். ஆகவே 1897-இல் எதற்கு அஞ்சுவது என்பதே யாருக்கும் தெரியாது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் அஞ்சினார்கள். முதலில் அஞ்சியது நோயாளியைத் தொட.

1897 பிப்ரவரியில் அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2020-இல் நம்மை வீட்டுக்குள் இருத்தியபோது அந்தப் பழைய சட்டத்தையும் கையில் எடுத்தார்கள். பூனாவில் மக்கள் ஊரைக் காலிசெய்து ஓடினர். ஓட இடமில்லாதவர்கள் ஊர்ப்புறக் குடிசைகளில் கிடந்தனர்.

அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தாறு. ஓடிப்போயிருந்தால் யாரும் பழித்திருக்க மாட்டார்கள். அவரோ இராணுவ மருத்துவராய் இருந்த மகன் யஷ்வந்தை விடுப்பில் வரவழைத்தார். பூனாவுக்கு வெளியே ஹடப்சர் அருகில், சசானே குடும்பத்தார் தோட்டத்தில், திறந்தவெளிக் காற்றில் மகனை ஒரு மருத்துவமனை தொடங்கச் செய்தார். மகன் வைத்தியம் பார்த்தார். தாயார் நோயாளிகளைத் தேடிக் கொண்டு வந்தார். ஒரு தாய் தன் ஒரே பிள்ளையைப் பிளேக்கின் வாய்க்குள் அழைக்கிறாரே, இது எப்படி முடிந்தது என்று எங்கள் அன்னையரிடம் கேட்டுப் பார்த்தோம். எவரும் தம்மால் முடியும் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் அது முழுதாக விளங்கவில்லை. அந்தப் பிள்ளை எந்தப் புகலிடத்தில் பிறந்தவன், எதற்காக மருத்துவம் படிக்க வைக்கப்பட்டவன் என்று நினைத்துப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. நோயாளியைப் பேணுவது பெண்ணின் வேலை என்று அவர் ஒதுக்கவில்லை. மகனையும் அதில் நிறுத்தினார்.

முண்டுவா ஊரின் புறத்தே மகார் மக்கள் குடியிருப்பில் பாண்டுரங் என்ற சிறுவன் பிளேக் கண்டு கிடக்கிறான் என்ற செய்தி வந்தது. தீண்டாமைக்கும் நோய்க்கும் அஞ்சி அவனைத் தொடத் துணிபவர் இல்லை. அம்மையார் அங்கே போனார். அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தார். பிழைப்பவனைப் பார்த்துப் பார்த்து எடுத்து வரவில்லை. கிடந்தவனை எடுத்து வந்தார்.

அந்தச் சிறுவன் பிழைத்துக்கொண்டான். அம்மையாருக்கு நோய் பற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு உயிர் பிரிந்தது.

அவர் வாழ்வில் பெரும்பகுதி பள்ளிக்கு வெளியே கழிந்தது என்று சிலர் கூறக்கூடும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பிடே மாளிகையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த கையே சிசுவைக் குளிப்பாட்டியது, துடைப்பத்தையும் பிடித்தது, கவிதையும் எழுதியது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று அவர் பிரித்து வைத்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தாம் ஒருவரே செய்துவிட முடியும் என்றும் அவர் எண்ணவில்லை. எழுத்துக் கற்றுத்தரக் கணவர் இருந்தார். நோயுற்றால் பள்ளியைத் தாங்க ஃபாத்திமா இருந்தார். கொள்ளைநோயில் மகன் இருந்தார். எங்கள் திரையில் தெரிந்த ஆசிரியைக்குப் பின்னால் ஒரு சுவரும் நாள்காட்டியும் மட்டுமே இருந்தன.

2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலராக முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் குடியிருப்பில் மாடிப்படியின் கீழே மாலை வேளையில் பாய் விரித்து எங்கள் தம்பி தங்கையருக்குப் பாடம் சொன்ன அக்காவுக்கும் மடியில் ஒரு குழந்தை இருந்தது. அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது.

பிடே மாளிகை பல்லாண்டு காலம் பாழடைந்து கிடந்தது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2023 டிசம்பரில் அதை இடித்து, தேசிய நினைவகம் எழுப்ப இடம் எடுத்தார்கள். பூனாப் பல்கலைக்கழகத்துக்கு 2014-இல் அம்மையார் பெயரைச் சூட்டினார்கள்.

யஷ்வந்த் இராணுவப் பணிக்குத் திரும்பிச் சென்றார். 1905-இல் பூனாவில் பிளேக் மீண்டும் தலைகாட்டியபோது அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நோயாளிகளிடையே வேலை செய்தார். இம்முறை அவரை அழைக்கத் தாயார் இல்லை. அவ்வாண்டே அதே நோயால் அவரும் இறந்தார்.